கொட்டகையில் கோமாரி, தோட்டத்தில் எரு: வாசகர் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கால்நடைக் கடிதங்களை இந்த இதழுக்கென்று சேர்த்து வைத்திருந்தோம். அவற்றில் பெரும்பாலானவை, மாட்டின் வாயிலும் காலிலும் புண் உண்டாக்கும் கோமாரி நோயைப் பற்றியே கேட்கின்றன. சமவெளி உழவர்களை மனத்தில் வைத்து எழுதப்படும் அறிவுரைகளில் சில குளிரும் சரிவும் காடும் சேர்ந்த இடங்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதால், சில கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக இணைத்துள்ளேன்.

கேள்வி: எங்களிடம் மூன்று ஜெர்சி கலப்பின மாடுகளும் இரண்டு மாதக் கிடாரிக் கன்று ஒன்றும் இருந்தன. முதலில் மூத்த மாடு தீனி எடுக்காமல் நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. ஓயாமல் சப்புக் கொட்டியது. மறுநாள் பின்னங்காலை உதற ஆரம்பித்தது. 9 லிட்டர் கறந்த மாடு 2 லிட்டருக்கு இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன், "மழைக்காலத்துச் சேற்றுப்புண்தான், தானாக ஆறிவிடும்" என்றார். நான்காம் நாள், வாயில் ஒரு புண்கூட இல்லாத கன்று, பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துவிட்டது. இது கோமாரிதானா? மற்ற இரண்டு மாடுகளையும் எப்படிக் காப்பாற்றுவது? (கோத்தகிரி அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளைப் பார்த்தால் கோமாரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சேற்றுப்புண் காலோடு நின்றுவிடும். அது எச்சில் வடிய வைக்காது, 104 முதல் 106 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காய்ச்சலையும் கொண்டுவராது. நாக்கிலும் ஈறிலும் குளம்புகளுக்கு இடையிலும் சில நேரம் மடிக்காம்பிலும் கொப்புளம் எழுந்து, ஓரிரு நாளில் உடைந்து, சிவந்த புண்ணாவதே கோமாரியின் போக்கு. உடைந்த கொப்புளத்தின் தோலை மருத்துவர் மாதிரியாக எடுத்து அனுப்பினால் ஆய்வகத்தில் உறுதி செய்துவிடலாம். புண் ஆறத் தொடங்கிய பிறகு மாதிரி எடுப்பதில் பயன் குறைவு என்பதால், எச்சில் வடியத் தொடங்கிய அன்றைக்கே மருத்துவரை அழைப்பது நல்லது.

கன்றின் சாவுதான் உங்கள் கடிதத்தில் மிகத் தெளிவான தடயம். வளர்ந்த மாடுகளில் கோமாரியால் நேரும் இறப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்தைத் தாண்டுவதில்லை. இளங்கன்றுகளிலோ வைரஸ் நேராக இதயத் தசையைத் தாக்குவதால், கொப்புளம் எழுவதற்கு முன்னரே, சில வேளை பால் குடித்த நிலையிலேயே உயிர் போய்விடுகிறது. அத்தகைய கன்றைப் பிரேதப் பரிசோதனை செய்தால் இதயத்தில் வெளுத்த வரிகள் ஓடியிருப்பதைக் காணலாம். மருத்துவர்கள் இதைப் 'புலி இதயம்' என்பார்கள். நோய் கண்ட தாயின் பாலிலும் வைரஸ் இருக்கும். அதனால் கோமாரி நுழைந்த கொட்டகையில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, காய்ச்சி ஆறவைத்த பாலைக் கொடுக்க வேண்டும்.

மற்ற இரு மாடுகளும் ஏற்கெனவே வைரஸை வாங்கியிருக்கக்கூடும். தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாட்கள் ஆகும். அப்படியிருந்தாலும் பிரித்துக் கட்டுவது வீண் வேலை ஆகாது, ஏனென்றால் உள்ளே போகும் வைரஸின் அளவு குறைந்தால் நோயின் கடுமையும் பெரும்பாலும் குறைகிறது. வீட்டின் பின்சுவரை ஒட்டிய ஒரே கொட்டகையை வைத்துக்கொண்டு தனியிடத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது நியாயமே. அப்படியானால் நோயுற்ற மாட்டைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் கட்டுங்கள். மேலே கட்டினால் அதன் சிறுநீரும் கழுவிய தண்ணீரும் நல்ல மாடுகளின் காலடி வழியாக இறங்கும். கீழ்வீட்டாரின் கொட்டகைக்கும் அந்தத் தண்ணீர் போகாதபடி ஒரு குழி வெட்டி அதில் தேக்குங்கள். நல்ல மாடுகளுக்குத் தீனி வைத்து, கறந்து முடித்த பிறகே நோயுற்றதைத் தொட வேண்டும். வாளி, கயிறு, துடைக்கும் துணி ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும்.

கொட்டகைக்குப் பினாயில் தெளித்துவிட்டு நிம்மதியாக இருப்போர் பலர். இந்த வைரஸைப் பினாயில் திறம்படக் கொல்லாது. பிளீச்சிங் பவுடரோ சாணம் கலந்ததும் வலுவிழந்துவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் சலவை சோடா இவற்றைவிட எவ்வளவோ மேல். 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் வீதம் கரைத்துத் தரையைக் கழுவுங்கள்; அதே கரைசலில் ஒரு கோணிச் சாக்கை நனைத்து வாசலில் போட்டு, உள்ளே வருவோரும் வெளியே போவோரும் அதை மிதித்துச் செல்லும்படி செய்யுங்கள். இந்த வைரஸால் காரத்தன்மையையும் புளிப்பையும் (அமிலத்தையும்) தாங்க முடியாது. கரைசல் கையில் எரியும் என்பதால் உறை அணிந்துகொள்ளுங்கள்.

ஊருக்குள் நோய் பரவும் இடங்களில் பால் சங்கத்து வாசலும் ஒன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். காலையிலும் மாலையிலும் ஊரிலுள்ள எல்லாக் கொட்டகைகளின் செருப்புகளும் கேன்களும் ஒரே இடத்தில் கூடுகின்றன. நோய் கண்ட வீட்டார் பால் ஊற்றாமல் இருப்பதோடு, பேச்சுக்கும் அங்கே போகாமல் இருப்பது நல்லது. நோயுற்ற மாட்டோடு இருந்தவரின் மூக்கிலும் தொண்டையிலும் ஏறத்தாழ ஒரு நாள் வரை வைரஸ் தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி: கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டும் பீட்ரூட்டும் பயிரிடுகிறேன். மாடு இல்லை. ஆண்டுதோறும் கீழிருந்து லாரியில் மாட்டு எரு இறக்குவேன். இந்த ஆண்டு லோடு வந்த ஊரில் கோமாரி இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் லாரியை உள்ளே விட வேண்டாம் என்று தகராறு செய்கிறார்கள். எருவில் நோய் வருமா? கேரட்டுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: கேரட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளின் நோய் அது, பயிரைத் தொடாது. ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் தகராறு செய்வதில் நியாயம் இருக்கிறது. எருவில் நோய் வரும். அதிலும் மலையில் எளிதாக வரும்.

கோடையில், காய்ந்த சாணத்தில் கோமாரி வைரஸ் ஏறத்தாழ 14 நாட்கள் தாக்குப்பிடிக்கும். குளிர்காலத்தில், நீர் கலந்த சாணக் குழம்பில், 6 மாதம் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். சிறுநீரில் 39 நாட்கள். மண்ணில் கோடையில் 3 நாட்கள், குளிர்ந்த பருவத்தில் 28 நாட்கள். இவை குளிர்நாடுகளில் அளந்து பதியப்பட்ட அளவுகள்; ஊட்டியின் டிசம்பரும் ஜனவரியும் அவற்றுக்கு வெகு தொலைவில் இல்லை. மேட்டுப்பாளையத்து வெயிலில் இரண்டு வாரத்தில் செத்திருக்க வேண்டிய வைரஸை, லாரியில் ஏற்றி, மூடுபனிக்குள் கொண்டுவந்து இறக்கினால் நாமே அதன் ஆயுளை நீட்டித்துக் கொடுத்ததாக ஆகும். வெயிலற்ற ஈரக்காற்றும் அதற்குச் சாதகம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும்போது காற்றில் மிதக்கும் வைரஸ் நெடுநேரம் தாங்குகிறது.

எருவை விட்டுவிட்டு மலைக் காய்கறி விளைவிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மழை அடித்துச் செல்லும் சரிவு நிலத்தில் மண்ணைப் பிடித்து வைப்பது தொழு உரம்தான்; ரசாயன உரத்தால் அந்த வேலை நடக்காது. ஆகவே எருவை வாங்குங்கள், வந்த அன்றே நிலத்தில் பரப்பாதீர்கள். மக்க வைப்பதற்கு ஒன்றரை மாதம் ஒதுக்குங்கள்.

மலையில் மக்க வைப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. முழங்கால் உயரத்துக்குக் குவித்த சிறு குவியல் இந்தக் குளிரில் சூடேறாது. நான்கடி உயரமாவது இருக்க வேண்டும். இலை, களை, வீணான கோஸ் இலை ஆகியவற்றை இடையிடையே போட்டு, கையில் பிழிந்தால் விரல் நனையும் அளவு ஈரத்தோடு குவித்து, மழை புகாதபடி தார்ப்பாயால் மூடுங்கள். நான்கைந்து நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, கால் மணி நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள். கையால் பற்ற முடியாத சூடு இருந்தால் உள்ளே ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த வெப்பத்தில் வைரஸ் நிலைக்காது. ஓரங்களில் சூடு ஏறாது என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, வெளியே இருந்தது உள்ளே போகும்படி செய்ய வேண்டும். கம்பி வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஈரமோ உயரமோ குறைவு.

சில வாசகர்கள், "எங்கள் மண்ணே புளிப்பு மண், வைரஸ் தானே செத்துவிடும்" என்று எழுதியிருக்கிறார்கள். நீலகிரி மண் புளிப்பானது என்பதும் வைரஸுக்குப் புளிப்பு ஆகாது என்பதும் சரியே. ஆனால் மண்ணில் கலக்கும் வரை சாணக் கட்டியின் உள்ளே அந்தப் புளிப்பு எட்டாது. மேலும் கேரட்டும் உருளையும் போடுவோர் புளிப்பைக் குறைக்கத்தானே சுண்ணாம்போ டாலமைட்டோ இடுகிறார்கள்! எருக் குவியலில் சுண்ணாம்பைக் கலந்து வைரஸைக் கொல்லலாமா என்று கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கொல்லலாம், ஆனால் எருவிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். குவியலைச் சுற்றியுள்ள தரையிலும் லாரி நின்ற இடத்திலும் சுண்ணாம்பைத் தூவினால் போதும்.

லாரிக்கு வருவோம். டயரும், எருவை வாரி இறக்கும் ஆட்களின் பூட்ஸும், மண்வெட்டியும் நோயைச் சுமக்கும். மாட்டுக் கொட்டகைகள் உள்ள தெருவுக்குள் கொண்டுவராமல், சாலையோரத்தில் தோட்டத்துப் பக்கமாக இறக்கச் சொல்லுங்கள். டயரைச் சலவை சோடாக் கரைசலால் கழுவிவிட்டு அனுப்புங்கள். நீலகிரி உழவர்களுக்கு இது புதிய பாடம் அன்று. 1961இல் ஊட்டியில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்ட பிறகு, இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்கே தடை வந்ததையும், ஒட்டிய மண்ணோடு ஒரு பூச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதையும் மூன்று தலைமுறையாக அனுபவித்தவர்கள் நீங்கள். அன்று ஒரு மாவட்டத்தின் விதைச் சந்தையே போயிற்று. ஊர்க் கூட்டத்தில் தகராறை நிறுத்திவிட்டு, எந்த ஊர் எரு, எத்தனை நாள் பழையது, எங்கே இறக்குவது என்ற மூன்றையும் பேசி முடிவெடுத்தால் மாடு வைத்திருப்பவரும் காய்கறி போடுபவரும் ஒரே ஊரில் இருக்கலாம்.

வைக்கோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உறைபனியில் புல் கருகும் மாதங்களில் கீழிருந்து வைக்கோல் வாங்குவது தவிர்க்க முடியாதது. வந்த கட்டுகளை நனையாமல் முடிந்தவரை நெடுநாள் தனியே அடுக்கி வைத்து, பிறகு மாடுகளுக்குப் போடுங்கள். முன்கூட்டி வாங்க வேண்டுமே, கையில் பணம் வேண்டுமே என்பீர்கள்; அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, நான்கைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் வண்டிக் கூலியாவது குறையும் என்பதைத் தவிர.

கேள்வி: இரண்டு முறை தடுப்பூசி போட்டும் எங்கள் மாட்டுக்குக் கோமாரி வந்தது. ஊசி போட்டால் பால் குறைகிறது, சினை கலைகிறது என்றும் சொல்கிறார்கள். பிறகு ஏன் போட வேண்டும்? (ஊட்டியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் மூவர்)

பதில்: கோமாரி வைரஸில் ஒன்றுக்கொன்று பாதுகாப்புத் தராத 7 வகைகள் உண்டு. அவற்றுள் ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்றுக்கும் எதிரான ஊசிதான் நம் நாட்டில் போடப்படுகிறது. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் 6 மாதத்துக்கு ஒருமுறை இது இலவசமாகப் போடப்படுகிறது. 4 மாதம் நிறைந்த கன்றுக்கு முதல் ஊசி, ஒரு மாதத்தில் ஊக்க ஊசி, அதன்பின் அரையாண்டுக்கு ஒன்று.

ஊசி தோற்பதற்குக் காரணங்கள் பல. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டிய மருந்து வெயிலில் சூடேறினாலும், ஐஸ் கட்டியில் நேரடியாகப் பட்டு உறைந்தாலும் கெடும். ஊட்டியில் குளிர்கிறதே, பெட்டி எதற்கு என்று நினைத்துவிடக் கூடாது. மருந்து கீழிருந்து வந்த வழியும் கணக்கில் சேரும். நோய் ஊருக்குள் வந்த பிறகு போட்டிருந்தால், பாதுகாப்பு உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால், ஊசிக்கு முன்பே உடலில் புகுந்த வைரஸ் முந்திக்கொள்ளும். இரண்டாவது ஊசிக்கும் நோய்க்கும் இடையே 6 மாதத்துக்கு மேல் கடந்திருந்தாலும் இதே கதைதான். அதைவிட முக்கியமானது, ஊரில் பத்தில் எட்டு மாடுகளுக்காவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது. உங்கள் மாட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு, பக்கத்து எஸ்டேட் லைனில் பத்து மாடுகள் ஊசி இல்லாமல் திரிந்தால் உங்கள் மாட்டின் மேல் விழும் வைரஸின் சுமை ஊசியின் வலுவை மிஞ்சிவிடும்.

பால் குறைவது உண்மை. இரண்டு மூன்று நாள் சற்றுக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். கருச்சிதைவைப் பொறுத்தவரை, சினை முற்றிய மாட்டை நாலு பேர் மல்லுக்கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி ஊசி போட்டால் அந்த அதிர்ச்சியாலேயே கலையலாம்; பழக்கமானவர் பிடித்துக்கொள்ள, அமைதியாகப் போட்டால் இந்த அச்சம் பெரும்பாலும் தேவையில்லை. கோமாரி வந்தாலோ காய்ச்சலிலேயே சினை கலையும், புண்பட்ட காம்பு வழியாக மடிநோய் புகும், ஆறிய பிறகும் பருவத்துக்கு வராமல் மாதக்கணக்கில் நிற்கும். நோய் தேறிய சில மாடுகள் ரோமம் நீண்டு, சிறிது வெயிலுக்கே மூச்சிரைக்கும். குளிரில் இந்தக் குறை மறைந்திருந்து, மாட்டைச் சமவெளியில் விற்ற பின் தெரியவந்து பஞ்சாயத்தாகவும் ஆகலாம். இரண்டு நாள் பாலை இவற்றோடு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கோமாரிக்குக் கைமருந்து உண்டா? நாங்கள் அரிசிக் கஞ்சியாகவே ஊற்றுகிறோம்.

பதில்: வைரஸைக் கொல்லும் மருந்து ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. மருத்துவர் போடும் ஊசி காய்ச்சலைத் தணிக்கவும், புண்ணில் வேறு கிருமி சேராமல் காக்கவும்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகைக் கலவை ஒன்று வாய்ப்புண்ணுக்கு நல்ல இதம் தருகிறது. சீரகம், வெந்தயம், மிளகு ஒவ்வொன்றிலும் 10 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, துருவிய தேங்காய் ஒன்றைக் கலந்து, சிறு உருண்டைகளாக நாக்கிலும் அண்ணத்திலும் தடவி உள்ளே போகச் செய்ய வேண்டும். நாளைக்கு மூன்று முறை, மூன்று முதல் ஐந்து நாள். கால்புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி வகைக்கு ஒரு கைப்பிடியும், பூண்டு 10 பல்லும், மஞ்சள்தூள் 20 கிராமும் அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துப் பூசலாம். பூசுவதற்கு முன் குளம்பிடுக்கைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். மலையின் ஈரத்தில் சேறு ஒட்டிய புண் ஆறாது.

கஞ்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாய் நோகும் மாட்டுக்கு இரக்கப்பட்டு வாளி வாளியாக அரிசிக் கஞ்சி ஊற்றி, வயிறு புளித்து, கோமாரியில் பிழைத்த மாடு வயிற்று அமிலத்தில் சாவது உண்டு. இளம்புல்லை நறுக்கிப் போட்டு, இரண்டு கை அளவு கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்து வைத்தால் போதும். நாக்கால் வளைத்து இழுக்க முடியாத மாட்டின் வாயில் புல்லைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதற்கு இணையான வைத்தியம் வேறில்லை.

கேள்வி: மசினகுடியில் எங்கள் மாடுகள் காட்டோரம் மேய்கின்றன. நோய் மானிடமிருந்தும் காட்டெருமையிடமிருந்தும் மாட்டுக்கு வருகிறதா, மாட்டிலிருந்து அவற்றுக்குப் போகிறதா? வனத்துறையினர் எங்களையே குற்றம் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு பக்கமும் போகக்கூடியதுதான், நம் காடுகளில் பெரும்பாலும் மாட்டிலிருந்து காட்டுக்குப் போகிறது. மான், காட்டெருமை, காட்டுப்பன்றி ஆகிய எல்லாமே பிளவுபட்ட குளம்பு உடையவை. யானைக்கும் கோமாரி வருவதுண்டு. குற்றம் யாருடையது என்பதை விட்டுவிட்டு, 1968ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த ஆண்டு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய்) பரவி, முதுமலை, பந்திப்பூர்க் காடுகளின் காட்டெருமைகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. அவை மீண்டும் பெருகப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த வெக்கை நோய் பெரும்பாலும் தடுப்பூசியால்தான் உலகிலிருந்து ஒழிந்தது. இந்தியாவில் கடைசியாக 1995இல் காணப்பட்டது, 2011இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரே வகை வைரஸ், ஒரு முறை போட்ட ஊசி நெடுங்காலம் காத்தது என்ற இரண்டு வசதிகள் அதில் இருந்தன. கோமாரியில் இரண்டும் இல்லை, ஆகையால் ஆறு மாத ஊசியை விட முடியாது.

உங்கள் பகுதியில் மாட்டைப் பாலுக்காக மட்டும் வளர்ப்பதில்லை. சாணத்தைக் கூடை கணக்கில் விற்று, அது கேரளத்துக் காபி, இஞ்சித் தோட்டங்கள் வரை போவது நெடுங்காலப் பழக்கம். ஆகவே எருவைப் பற்றி மேலே எழுதியது வாங்குபவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் சேர்த்துத்தான். நோய் கண்ட மந்தையின் சாணத்தை விற்காமல் குவித்து மக்கவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குட்டைகள் வற்றி, காட்டு விலங்கும் நாட்டு மாடும் ஒரே தண்ணீரில் வாய் வைக்கும் காலம். அதற்கு முன்பே ஊசி முடிந்திருக்க வேண்டும். நோய் வந்துவிட்டால் காட்டுக்குள் ஓட்டாமல் பட்டியிலேயே தண்ணீர் காட்டுங்கள்.

2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இறந்ததைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பன்றியைத் தவிர மாட்டுக்கோ மனிதருக்கோ வராது. ஆனால் எந்த மாடாவது திடீரென விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய ரத்தம் கசிந்தால், அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அதன் உடலை எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். அந்த நோய் மனிதரையும் கொல்லும், அதன் கிருமி வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மருத்துவரின் மேற்பார்வையில் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

கேள்வி: பழனி மலையில் மன்னவனூர் பக்கம் செம்மறி வைத்திருக்கிறோம். மாடுகளுக்குக் கோமாரி வந்தபோது ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்கு வராதா?

பதில்: வரும், வெளியே தெரியாது. செம்மறியில் இரண்டு நாள் நொண்டலோடும் மிகச் சிறிய வாய்ப்புண்ணோடும் முடிந்துவிடுவதால் கவனிக்காமல் போகிறது. ஆனால் அதன் தொண்டையில் 9 மாதம் வரை வைரஸ் தங்கக்கூடும். ஆகவே நோய் கண்ட ஊரின் ஆடுகளைச் சந்தையிலிருந்து நேரே மாட்டுப் பட்டிக்குள் சேர்க்காதீர்கள். உங்கள் பக்கத்தில் இன்னும் சில ஊர்களுக்குப் பொதி சுமக்கும் குதிரைகளுக்கு ஒற்றைக் குளம்பு, கோமாரி வராது. ஆனால் அந்தக் குளம்பில் ஒட்டிய சேறு மாட்டு மந்தைக்குள் நோயைக் கொண்டுவரும். ஆடு வாயில் புண்ணோடு கழிச்சலும் சளியும் சேர்ந்து இறக்குமானால் அது ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம், அதற்குத் தனித் தடுப்பூசி உண்டு.

கேள்வி: கோமாரி வந்த மாட்டின் பாலை நாம் குடிக்கலாமா?

பதில்: கோமாரி மனிதருக்கு வருவது மிக மிக அரிது, நன்றாகக் காய்ச்சிய பாலில் வைரஸ் இருக்காது. ஆனாலும் காய்ச்சல் கண்ட மாட்டின் பாலையும், ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலை மருத்துவர் சொல்லும் நாட்கள் வரையிலும் நாம் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: மாட்டின் உடம்பெங்கும் கட்டி கட்டியாக எழுந்திருக்கிறது. இதுவும் கோமாரியா? (குந்தா)

பதில்: இல்லை. இது தோல் கழலை நோயாக இருக்கலாம். 2019இல் ஒடிசாவில் முதலில் காணப்பட்டு, 2022இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் ஏராளமான மாடுகளை மாய்த்தது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை வழியாகப் பரவும். கோமாரி ஊசி இதற்குப் பயன்படாது. ஆட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்குப் போடுகிறார்கள். கொட்டகையில் வேப்பிலைப் புகை போட்டு, உண்ணியை ஒழித்து, நோயுற்றதைத் தனியே கட்டுங்கள்.

கேள்வி: நோய் வந்தது வெளியே தெரிந்தால் சங்கத்தில் பால் எடுக்க மாட்டார்கள், மாட்டுக்கும் விலை போகாது. வியாபாரி ஒருவர் இப்போதே பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார். கொடுத்துவிடலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மாடு நாளை ஒரு சந்தையில் நிற்கும்; அங்கே ஐம்பது மாடுகளுக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு மலைக்கு ஏறும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, நோய் கண்ட மாட்டின் உரிமையாளர் அதைத் தெரிவித்துத் தனிமைப்படுத்த வேண்டும். நோயுள்ள விலங்கைச் சந்தைக்குக் கொண்டுபோவது குற்றம். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. வளர்ந்த மாடு பெரும்பாலும் மூன்று வாரத்தில் தேறிவிடும். பாதி விலைக்கு விற்றால் அந்த மாட்டை நீங்கள் திரும்ப வாங்க முடியாது.

தெரிவித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்கிறேன். மருத்துவர் வந்து, நோயில்லாத சுற்று ஊர்களிலிருந்து உள்நோக்கி வளையமாக ஊசி போடத் தொடங்கலாம். அதனால் உங்கள் அண்ணன் தம்பி வீட்டு மாடுகளாவது தப்பும். கிளை மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்ற எண்ணை அழைத்து நடமாடும் மருத்துவ வண்டியைக் கேட்கலாம். சங்கத்துக்குப் பால் போகாத அந்த மூன்று வாரம் கடினமானது, மறுக்கவில்லை. ஊர்ச் சங்கம் ஒன்று கூடி, நோய் கண்ட வீட்டாருக்குத் தீனிக்கடனைத் தள்ளிவைப்பதாக முன்கூட்டியே தீர்மானம் போட்டு வைத்தால், ஒளிக்க வேண்டிய அவசியம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். தண்டனையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை.

காப்பீடு செய்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்திருந்தால், காதில் 12 இலக்க வில்லை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேலியில் மாட்டி அறுந்திருந்தால் உடனே மருந்தகத்தில் சொல்லிப் புதிதாகப் போட்டு, அந்த எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வில்லையோடு மாட்டின் புகைப்படமும், இறந்தால் மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் தொகை கேட்பது வீண் அலைச்சல்.